ஒரு கடைவாய்ப்பல் போனால் சாப்பாடு எப்படி மாறும்: மெல்லுவது பற்றி முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி அனுப்பும்போது பஞ்சை எவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், எப்போது வாய் கொப்பளிக்கலாம், எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். இனிமேல் மெல்லும் விதமே மாறப்போகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. ஒரு பல்தானே, மீதி இருக்கிறதே என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். அந்த ஒரு பல்லுக்குப் பின்னால் ஒரு வருடத்துக்கும் மேல் நான் தனியாக அலைந்தேன். வயிற்றுக்கு மாத்திரை, எண்டோஸ்கோப்பி, பிறகு தாடை வலிக்கு மருந்து என்று போன பணத்தில் அந்த இடைவெளியை ஆரம்பத்திலேயே அடைத்திருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பல் எடுத்திருப்பவர்களும், எடுக்கப் போகிறவர்களும், "ஏன் இவ்வளவு நேரம் சாப்பிடுகிறாய்" என்று கேட்கப்படுபவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் அந்த அலைச்சலில் பாதியாவது குறையும்.

முதலில் தெரிய வேண்டியது, மெல்லுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரியது என்பது. ஒரே அளவு காரட் துண்டை இருவரிடம் கொடுத்தால் ஒருவர் 20 தடவை மென்று விழுங்கிவிடுவார், இன்னொருவர் 60, 70 தடவை மெல்லுவார். இருவருமே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம். ஆனால் ஒரே ஆளை எடுத்துக்கொண்டால், அதே உணவுக்கு அவருடைய எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. இன்னும் முக்கியமான விஷயம், நல்ல பல் உள்ளவர்கள் எத்தனை தடவை மென்றாலும் விழுங்கும் நேரத்தில் வாயில் இருக்கும் துகளின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். நிலக்கடலையானால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே பொடியாக வேண்டும். காரட் 2 மி.மீ. அளவில் போதும், நீர்ப்பதமுள்ள மென்மையான காய் இன்னும் பெரிதாகவே உள்ளே போகும். மூளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. துகள் தேவையான அளவுக்குச் சிறிதாகிவிட்டதா, வழுக்கிப் போகும் அளவுக்கு ஈரமாகிவிட்டதா என்று இரண்டை மட்டும் பார்க்கிறது. 1988இல் ஹட்சிங்ஸ், லில்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் இந்த இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார்கள். 1997இல் பிரின்ஸ், லூகாஸ் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் இதில் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: துகள்களை உமிழ்நீர் ஒரே கவளமாக ஒட்டிப் பிடிக்கும் தருணம் ஒன்று உண்டு, அதையும் தாண்டி மென்றால் உமிழ்நீர் அதிகமாகிப் பிடிப்பு தளர்ந்துவிடும். ஆக, கூடுதலாக மெல்லுவது எப்போதுமே நல்லது என்பது சரியல்ல.

அப்படியென்றால் எண்ணிக்கை ஏன் இவ்வளவு மாறுகிறது? முதல் காரணம் பற்கள், அதிலும் பற்களின் எண்ணிக்கையைவிட ஜோடிகள். கடைவாயில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சேரும் இடங்கள் எத்தனை என்பதுதான் அரைக்கும் திறனைத் தீர்மானிக்கிறது. கீழே முதல் கடைவாய்ப்பல்லை எடுத்தால், அதற்கு நேர் மேலே உள்ள பல் ஆரோக்கியமாக இருந்தும் உரல் போன உலக்கை மாதிரி ஆகிவிடும். முதல் கடைவாய்ப்பல் சுமார் 6 வயதில் முளைத்து, அரைப்பதில் பெரும் பங்கை ஏற்கும் பல். அது போனால் அந்தப் பக்கமே பலவீனமாகிவிடும். மற்ற காரணங்களும் உண்டு: கடிக்கும் விசை, உமிழ்நீரின் அளவு, ஒரு வாய்க்கு எவ்வளவு எடுக்கிறோம், நாக்கும் கன்னமும் உணவைப் பற்களுக்கு நடுவே எவ்வளவு சுறுசுறுப்பாகத் தள்ளுகின்றன என்பதெல்லாம். வயதும் சேரும். பல் முழுசாக இருப்பவர்களுக்கும் வயது ஏற ஏற அதே உணவுக்குக் கூடுதலாக மெல்ல வேண்டியிருக்கும். அது இயல்பான ஈடுகட்டல், நோய் அல்ல.

பல் எடுத்த பிறகு முதலில் நடப்பது பக்கம் மாறுவது. புண் இருப்பதால் எதிர்ப்பக்கத்தில் மெல்லத் தொடங்குவோம், புண் ஆறிய பிறகும் அங்கேயே தங்கிவிடுவோம். பெரும்பாலானோருக்கு இயல்பிலேயே விருப்பமான பக்கம் ஒன்று உண்டு, அதனால் இது கண்ணில் படுவதில்லை. கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: மெல்லாத பக்கத்துப் பற்களில் அழுக்கும் காரையும் வேகமாகச் சேரும், சாப்பிட்டு முடித்த பிறகும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே உணவு தங்கியிருக்கும், நாக்கு அதைத் துழாவிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டு நேரம் நீளும். சேர்ந்து சாப்பிடும் இடத்தில் எல்லோரும் கைகழுவப் போன பிறகு தட்டில் பாதியோடு உட்கார்ந்திருப்பது உள்ளூர உறுத்தும். பிறகு கடலை, இறைச்சி, பச்சைக் காய்கறி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகும். "பிடிக்கவில்லை" என்று சொல்லிக்கொள்வோம்.

அதற்கு அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. அரைக்கும் திறன் குறைந்தவர்கள் அதை ஈடுகட்டக் கூடுதலாக மெல்லுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆய்வுகளில் தெரிந்தது வேறு: சரியாக அரைக்க முடியாதவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மெல்லுவார்கள் என்றில்லை, பெரும்பாலும் பெரிய துகள்களாகவே விழுங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் வேகத்துக்கு ஓட வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இதனால் சாப்பாடு நெஞ்சுக்குள் மெதுவாக இறங்குவது போலவும், வயிறு கனப்பது போலவும், ஏப்பம் நிற்காதது போலவும் இருக்கும். அவசரமாக விழுங்கும்போது காற்றும் சேர்ந்து போகிறது. என் பணமும் மாதங்களும் போனது இந்த இடத்தில்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, பரிசோதனை என்று ஒவ்வொன்றாக நடந்தது. ஒருவர்கூட வாயைத் திறந்து பார்க்கவில்லை, எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

இதை வைத்து வயிற்று மருத்துவரைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதிகமாக மெல்லுவதே சில நேரம் உணவுக்குழாய் நோயின் அடையாளம். இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் என்று ஒன்று உண்டு. ஒவ்வாமை சார்ந்த அழற்சியால் உணவுக்குழாய் விறைத்துக் குறுகிவிடும். அது உள்ளவர்கள் தங்களை அறியாமலேயே பழகிக்கொள்ளும் வழக்கங்கள் இருக்கின்றன: ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளுவது, உணவைப் பொடிப்பொடியாக நறுக்குவது, எல்லாவற்றையும் குழம்பில் நனைப்பது, கெட்டியான உணவைத் தவிர்ப்பது, அளவுக்கு மீறி மெல்லுவது, பெரிய மாத்திரையைக் கண்டு பயப்படுவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், பல் எப்படியிருந்தாலும், எண்டோஸ்கோப்பி செய்துகொள்வதுதான் சரி. அப்போது திசு மாதிரி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பார்வைக்கு உணவுக்குழாய் சாதாரணமாகத் தெரிந்தும் திசுவில் நோய் இருக்க முடியும். கவளம் நெஞ்சில் சிக்கி உமிழ்நீர்கூட இறங்கவில்லை என்றால் அது அவசரச் சிகிச்சைக்கான விஷயம். எடை குறைவது, விழுங்கச் சிரமம் வாரத்துக்கு வாரம் கூடுவது, விழுங்கும்போது புரையேறி இருமல் வருவது இதெல்லாம் தள்ளிப்போடக் கூடாதவை. சிக்கல் எந்த இடத்தில் என்பதைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள்: வாயில் அரைபடவில்லையா, தொண்டையைத் தாண்டவில்லையா, நெஞ்சில் நிற்கிறதா. மூன்றுக்கும் போக வேண்டிய மருத்துவர் வேறு.

அடுத்ததாக எல்லோரும் சொல்லும் அறிவுரை வரும். நொறுங்கத் தின்றால் நூறு வயது, ஒரு வாய்க்கு 32 தடவை மெல்லு. 32 என்ற எண் 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் பெயரில் உலவுவது. பல்லுக்கு ஒரு தடவை என்ற கணக்கு. அமெரிக்கரான ஹொரேஸ் பிளெட்சர் (1849–1919) உணவு நீராகும்வரை மெல்ல வேண்டும் என்று அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். கூடுதலாக மெல்லுவதில் பயன் இல்லாமல் இல்லை. ஒரு வாய்க்கு 15 தடவைக்குப் பதில் 40 தடவை மென்றவர்கள் கொஞ்சம் குறைவாகவே சாப்பிட்டார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. பாதாமை 10 தடவை மட்டும் மென்றால் அதிலுள்ள கொழுப்பில் அதிகப் பங்கு உடலில் சேராமல் வெளியேறியது என்று இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆனால் இந்த அறிவுரை நன்றாக அரைக்கும் இரண்டு பக்கம் உள்ளவருக்கு. ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் 32, 40 என்று எண்ணினால் அந்தப் பக்கத்துத் தாடைத் தசை ஓயாமல் உழைக்கும். காதுக்கு முன்னால் வலி, பொட்டில் தலைவலி, காலையில் வாய் திறக்கும்போது இறுக்கம் என்று வரும். எனக்கும் எண்ணத் தொடங்கிய பிறகுதான் தாடை வலி வந்தது. மென்மையான உணவையும் அதே எண்ணிக்கைக்கு மெல்லும்போது கவளம் கூழாகி, விழுங்கும் உணர்வே வராமல் போவதும் உண்டு.

எண்ணுவதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது வாய்க்கு எடுக்கும் அளவைப் பாதியாக்குவது. கவளம் சிறிதானால் தேவையான மெல்லும் எண்ணிக்கை தானாகக் குறையும், பெரிய துகள் தப்பிப் போவதும் குறையும். கெட்டியான உணவை 1.5 செ.மீ.க்கு மேல் இல்லாமல் நறுக்கிக்கொள்ளுங்கள். மெல்லச் சிரமப்படும் பெரியவர்களுக்கான மென்மையான உணவுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் அளவு இதுதான். அதையும் அரைக்க முடியாதவர்களுக்கு 4 மி.மீ., அதாவது முள்கரண்டியின் இரண்டு முட்களுக்கு நடுவே புகும் அளவு. வாயில் இருப்பது இறங்கும்வரை அடுத்த வாயைக் கையில் எடுக்காதீர்கள். கையில் தயாராக இருந்தால் வாயில் இருப்பதைச் சீக்கிரம் தள்ளிவிடுவோம். உலர்ந்த உணவோடு ஈரமான எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பிஸ்கட்டை மெல்ல ஆகும் எண்ணிக்கை, கொஞ்சம் நீர் சேர்ந்தாலே கணிசமாகக் குறையும்.

உங்கள் வாய் உண்மையில் எவ்வளவு அரைக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். இதை மட்டும் ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் என்று ஏங்கியதுண்டு. பச்சைக் காரட்டை ஒரு செ.மீ. பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கி, மூன்றை வாயில் போட்டு வலது பக்கத்தில் மட்டும் சரியாக 20 தடவை மென்று, விழுங்காமல் ஒரு வெள்ளைத் துணியில் துப்புங்கள். வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மிச்சத்தையும் அதிலேயே சேருங்கள். துணியை நீரில் அலசி விரித்துப் பாருங்கள். பிறகு இடது பக்கத்தில் அதே 20. நன்றாக அரைக்கும் பக்கத்தில் பெரும்பாலும் சின்னச் சின்னத் துணுக்குகளாக, ஓரங்கள் நார்நாராகக் கிழிந்து கிடக்கும். ஜோடிப் பல் இல்லாத பக்கத்தில் நசுங்கிய பெரிய துண்டுகள் கிடைக்கும், சிலவற்றில் கத்தி பட்ட மழமழப்பான முகம் அப்படியே இருக்கும். அந்த முகத்தில் பல் படவே இல்லை என்று அர்த்தம். இதைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் பத்து வாக்கியம் பேச வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்திலும் இதே முறைதான்: மேன்லி, பிரேலி என்ற ஆய்வாளர்கள் 1950இல் நிலக்கடலையை 20 தடவை மெல்லச் சொல்லிச் சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள். துகள் புரையேறும் பயம் இருப்பவர்கள் இரண்டு நிறச் சூயிங்கத்தை ஒன்றாக வைத்து 20 தடவை மென்று, தட்டையாக அழுத்தி, நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கலாம். விழுங்குவதிலேயே சிக்கல் உள்ளவர்கள் இரண்டையும் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் நன்றாக அரைத்தும் சாப்பாடு இழுக்கிறது என்றால் உமிழ்நீரைச் சந்தேகியுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை சுரப்பது அது. ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள், சில மனஅழுத்த மருந்துகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் இதைக் குறைத்துவிடும். உலர்ந்த பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கவே முடியவில்லை, இரவில் தண்ணீருக்காக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, சொத்தை திடீரென்று கூடுகிறது என்றால் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குக் காரணம் பிடிபட்டது, அதிகச் சுமை தாங்கிய எதிர்ப்பக்கத்துப் பல் கூசத் தொடங்கியபோதுதான். அதற்குள் இடைவெளிக்குப் பின்னால் இருந்த பல் முன்னோக்கிச் சாய்ந்திருந்தது, மேல் பல் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. பல் எடுத்த இடத்தில் எலும்பு மிக வேகமாகத் தேய்வது முதல் வருடத்தில். காத்திருக்கக் காத்திருக்க, பல் வைக்கும் வேலையோடு பக்கத்துப் பல்லைச் சீர்செய்வது, இறங்கிய பல்லைச் செதுக்குவது, எலும்பு சேர்ப்பது என்று கூடுதல் வேலைகள் ஏறும். அதனால் பல்லை எடுக்கும் நாளிலேயே "இந்த இடத்துக்கு என்ன செய்யப் போகிறோம், எப்போது" என்று கேட்டுவிடுங்கள். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் சீக்கிரம் முடியும், ஆனால் இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்க வேண்டும். தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் இம்ப்ளான்ட் எலும்போடு சேர வழக்கமாக 3 முதல் 6 மாதம் பிடிக்கும். கழற்றி மாட்டும் பல்செட் செலவு குறைவு, அரைக்கும் திறனும் குறைவு. முழுப் பல்செட் போட்டவர்கள் கடிக்கும் விசை இயற்கைப் பல்லில் சுமார் கால் பங்குதான். வீட்டில் பல்செட் போட்ட பெரியவர் நேரம் எடுத்துச் சாப்பிட்டால் அதற்கான நியாயம் இதில் இருக்கிறது, அவரை அவசரப்படுத்தாதீர்கள். போன எல்லாப் பல்லையும் கட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் போய், முன்னால் உள்ள ஜோடிகள் நன்றாக இருந்தால் பலர் சிரமமில்லாமல் சாப்பிடுகிறார்கள். காரட் சோதனையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அவசரம் இல்லை.

புதுப் பல் வைத்த பிறகு பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் அதன் உயரம். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்ப்படலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனைக்கூட உணர்ந்துவிடும். பல்லின்மேல் மாட்டும் உறையான கேப் அந்த அளவுக்கு உயர்ந்திருந்தாலும் தாடை அதைத் தவிர்த்து வேறு வழியில் மெல்லத் தொடங்கும், பழையபடி எதிர்ப்பக்கம் ஓடும். மரத்துப்போகும் ஊசி போட்ட நிலையில் "சரியாக இருக்கிறதா" என்று கேட்டால் உங்களால் சரியாகச் சொல்ல முடியாது. ஊசியின் வேலை போக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நாற்காலியில் படுத்திருக்கும்போது தாடை கொஞ்சம் பின்னால் சரியும் என்பதால், நிமிர்ந்து உட்கார்ந்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும் இடத்தில் நிறம் பதியும் நிறத்தாளை வைத்து டக்டக் என்று கடிக்க வைப்பதோடு விடாமல், பக்கவாட்டில் அரைப்பது போலவும் தேய்க்கக் கேளுங்கள். உயரம் அதிகமுள்ள இடத்தில் நிறம் ஒரு வளையமாகப் பதிந்து நடுவில் வெளுத்திருக்கும். சுற்றியுள்ள பற்களில் லேசான புள்ளிகள் மட்டும் இருக்கும். கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார்ப்படலம் கிடையாது, உணர்வு மந்தமாகத்தான் இருக்கும். அதனால் உறுத்தவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நிறத்தாள் சோதனையை ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்யச் சொல்ல வேண்டும்.

பல் சரியான பிறகும் பழக்கம் தானாகத் திரும்புவதில்லை. ஒவ்வொரு சாப்பாட்டிலும் முதல் சில வாயை மட்டும் புதுப் பக்கத்தில் வையுங்கள், மென்மையான உணவில் தொடங்குங்கள், வலி இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கெட்டியானதுக்குப் போங்கள். பயிற்சி என்று சூயிங்கத்தை நாள் முழுக்க மெல்ல வேண்டாம், தாடைத் தசைக்கு அது கூடாது. சாப்பிடாத நேரத்தில் உதடு மூடியிருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு மூன்று மி.மீ. விலகியிருக்க வேண்டும், வேலையில் மூழ்கும்போது இறுக்கிக் கடிக்கிறோமா என்று அவ்வப்போது பாருங்கள். தாடை வலித்தால் 15 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம், சில நாள் மென்மையான உணவு, கொட்டாவி விடும்போது மோவாய்க்குக் கீழே கை கொடுப்பது. மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாயில் நுழைக்க முடியவில்லை என்றாலோ, திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுத்துப் பூட்டிக்கொண்டாலோ, தாடை மூட்டு பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு மாதம் கழித்துக் காரட்டை மறுபடி மென்று பாருங்கள். புதுப் பக்கத்துத் துணுக்குகள் கொஞ்சம் பெரிதாகவே இருந்தாலும் பரவாயில்லை. கத்தி பட்ட முகம் எதிலும் மிஞ்சாமல் இருந்தால் போதும்.